அறுபதாவது கார்டு

"அறுபது கார்டும் உங்க கட்டுல இருந்த அதே கார்டுங்க, குருவே. ஒண்ணுகூட மாறல. அப்புறம் எப்படி நான் தோத்தேன்?"

ஆதிரையிடம் கேட்டார் தணிகாசலம். இரண்டு ஆட்டம் தோற்றாயிற்று. இன்னும் ஒன்று தோற்றால் தாராபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆதிரை அவரைவிட இருபது வயது இளையவள். போன வருடம் இதே போட்டியில், இதே கல்யாண மண்டபத்தில் ஜெயித்தவள். ஆளாளுக்குத் தாங்களே பொறுக்கிச் சேர்த்த அறுபது கார்டுக் கட்டோடு வந்து மோதும் போட்டி. அவள் கட்டில் இருந்த கார்டுகளின் பெயர்களை அப்போதே எல்லோருக்கும் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து அவள்தான் அவருக்குக் குரு. நேரில் பார்ப்பது இன்றுதான்.

இந்த வருடம் அவள் ஆடவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

கையை நீட்டினாள். அவர் கட்டைக் கொடுத்தார்.

ஒரு கார்டை உருவினாள். "இது எதுக்குங்ண்ணா?"

"எதிராளி நெருப்பை அணைக்க."

"இது?"

"கை காலியானா இன்னும் ரெண்டு எடுக்க."

"பரவால்லையே, படிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க." இன்னொன்றை உருவினாள். இரும்பு ஆமை. "இது?"



இன்று காலைவரை தணிகாசலத்திடம் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. அந்த ஆமை மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. கடைசியில் வாசலில் ஒருவனிடம் தன் மழைக்குருவியைக் கொடுத்துவிட்டு வாங்கினார். ஆடத் தொடங்கிய நாள் முதல் அவரிடம் இருந்த குருவி. அதை எப்போது இறக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். குருவியை வாங்கியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டான்.

"அது... நீங்க வெச்சிருந்தீங்க."

"நான் எதுக்கு வெச்சேன்?"

"ஏதோ சூட்சுமம் இருக்கும்னுதான். இங்க எல்லாருமே வெச்சிருக்காங்களே!"

ஆதிரை திரும்பினாள். பக்கத்து மேஜையில் ஒருவர் ஆமையை இறக்கினார். எதிரே இருந்தவரும் ஆமையை இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி சும்மா கிடந்தன.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ!"

"என்னாச்சுங்க?"

"அண்ணா, அன்னிக்கு எங்கிட்ட அம்பத்தொன்பதுதான் இருந்துச்சு. அறுபது இல்லாம ஆட விடமாட்டாங்க. பைக்குள்ள கெடந்ததை எடுத்துச் சொருகினேன். ஒரு ஆட்டத்துலகூட அதை நான் இறக்கல."



அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்போ... அந்த எடத்துல எது இருந்திருக்கணும்?"

"அதைத்தான் இன்னமும் தேடிட்டிருக்கேன். கோயமுத்தூர்ல கேக்காத ஆளில்ல." அவள் கட்டை அடுக்கி அவர் கையில் வைத்தாள். "மழைக்குருவி. தாராபுரத்துல யார்கிட்டயாவது இருக்குங்களாண்ணா?"