இருவாச்சியைத் திருடாதவன்

ஒரு ஊர்ல ஒரு தேவசிகாமணி இருந்தான் கண்ணு. வக்கீல். எனக்கு மொதல்ல கெடுதல் பண்ணுனவன் அவன்தான், அதனால அவன் பேரைத்தான் மொதல்ல சொல்லணும். தேவசிகாமணி. ம் கொட்டு.

"ம்."

அவனுக்குப் பறவைப் புத்தகம்னா கிறுக்கு. மாமரத்துல உக்காந்து கத்தற குருவியை நிமிந்து பாக்கமாட்டான். நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் கையால சாயம் தீட்டுன குருவின்னா வாயைப் பொளந்துட்டு நிப்பான். வீடு பூராக் கண்ணாடி அலமாரி. அப்போ, அதே ஊர்ல பஸ் ஸ்டாண்டு மதிலோரமா தார்ப்பாய் விரிச்சுப் பழைய புத்தகம் வித்துட்டு ஒருத்தன் இருந்தான். அது நான்.

"அப்புச்சி, உங்களுக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியாதே?"

தெரியாது. ஆனா எண்ணத் தெரியும். படம் போட்ட புத்தகத்துல, மொதல் பக்கத்துலயே இத்தனை படம்னு கணக்குப் போட்டிருப்பான். வாங்கறவன் முன்னாடி ஒவ்வொரு படமாத் தொட்டு, சத்தமா எண்ணித்தான் குடுக்கணும். ஏன்னா எவனாச்சும் பிளேடால படத்தை மட்டும் சரக்குனு உருவி, சட்டம் போட்டு வித்துடுவான். அவனைப் படமுருவின்னு சொல்லுவோம். எங்க தொழில்ல அதைவிடக் கேவலமான பேரு கிடையாது. முப்பது வருசம் எண்ணிக் குடுத்தேன். ஒரு படம் குறையுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. எனக்கிருந்த சொத்து அந்தப் பேரு ஒண்ணுதான்.

"ம்."

ஒருநாள் வக்கீல் வந்தான். "நாச்சிமுத்து, மலைப் பறவைங்க புத்தகம், மொத்தம் மூணு பாகம். எப்படியாச்சும் தேடிக் குடுடா"ன்னான். சரிங்கன்னேன்.

மொதல் பாகம் மூடிப்போன பள்ளிக்கூடத்து அறையில கிடந்துச்சு. கரகரன்னு கரையான் அரிச்சுட்டிருந்த அடுக்குல கையை விட்டு எடுத்தேன். அப்புறம் ரெண்டாவது பாகம் பழைய பேப்பர் எடைக்கடையில. அட்டை தனி, தாள் தனின்னு கிழிக்க அந்தாளு கையை ஓங்கிட்டான். கால்ல விழுந்து வாங்குனேன். அப்புறம் மூணாவது. அது மலைமேல ஒரு எஸ்டேட் பங்களாவுல. மழைன்னா மழை, சோன்னு கொட்டுது. கால் ரெண்டுலயும் அட்டைப்பூச்சி. என் சட்டையைக் கழட்டிப் புத்தகத்துக்குச் சுத்திட்டு வெத்து உடம்போட பஸ் ஏறுனேன்.

"குளுரலயா?"

பல்லு கடகடன்னு அடிச்சுது. பஸ்ஸுல உக்காந்து எண்ணிப் பாத்தேன். நாப்பது படம், நாப்பதும் இருந்துச்சு. அதுல பெரிசு இருவாச்சி.

"இருவாச்சி கடிக்குமா அப்புச்சி?"

அது கடிக்காது. வக்கீல்தான் கடிப்பான். கேளு. இருவாச்சிக்கு றெக்கையெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு மினுங்கறதுக்கு மேல பிசின் பூசியிருப்பாங்க. ஈரம் பட்டுச்சுன்னா அது பச்சக்குனு ஒட்டிக்கும்.

வக்கீல் வீட்டுக்குப் போய், "ஐயா, எண்ணிடலாங்க"ன்னேன். அவன் கோர்ட்டுக்குக் கெளம்பற அவசரம். "எண்ணவேண்டாம்டா. உன்மேல நம்பிக்கை இருக்கு"ன்னான். அந்த வார்த்தையைக் கேட்டு நான் குளுந்துபோயிட்டேன். எண்ணாமக் குடுத்துட்டேன். அதுதான் நான் பண்ணுன தப்பு. "ஐயா, ஓரமா ஈரம் இருக்குங்க. மேல கனம் வெச்சிராதீங்க. தாள் தாளாப் பிரிச்சுக் காத்துல விடுங்க"ன்னேன். "புத்தகத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? போடா"ன்னுட்டு, சட்டப் புத்தகம் நாலைத் தூக்கி அது மேலயே வெச்சான். டமார்.

"ம்."

மூணு நாள் கழிச்சு போலீசு வந்துச்சு. பளார். "இருவாச்சி எங்கடா?" எனக்கு ஒண்ணுமே புரியல. பளார். "முப்பத்தொம்போது படந்தான் இருக்குதாமே, ஒண்ணு எங்கடா?" வீட்டுல தலகாணியைக் கூடக் கிழிச்சுத் தேடுனாங்க. ஸ்டேசன்ல வெச்சு வலது கையை பூட்ஸால மிதிச்சாங்க. நறநறன்னு ஒரு சத்தம். இந்தா பாரு, இந்த ரெண்டு விரலும் மடங்காது. வெளிய வந்து பாத்தா, தார்ப்பாயும் புத்தகமும் சாக்கடையில மெதந்துட்டிருந்துச்சு.

அப்புறம் ஊரே படமுருவின்னுச்சு. எனக்கு ஒருத்தனும் புத்தகம் விக்கல, ஏங்கிட்ட ஒருத்தனும் வாங்கல. அதைக்கூடப் பொறுத்துட்டேன். உன் அம்மிச்சி, சாகறதுக்கு மொத நாள், என் கையைப் புடிச்சுட்டு, "இனிமே யாருகிட்டச் சொல்லப்போறேன், எனக்கு மட்டும் சொல்லுங்க. எடுத்தீங்களா?"ன்னா. இல்லைன்னேன். சரின்னா. ஆனா அவ கண்ணு நம்பல கண்ணு. நம்பாமலே போயிட்டா.

"..."

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் நாலு வருசம் போச்சு. பைண்டிங் பண்ற சுல்தான் பாய் ஓடி வந்தாரு. "அண்ணே, வக்கீலு அந்தப் பொஸ்தகத்தைப் புது அட்டை போடக் குடுத்தாரு. ஒரு தாளு மட்டும் தடிமனா இருந்துச்சு. லேசா ஆவி காட்டிப் பிரிச்சேன். உள்ள இருவாச்சி உக்காந்திருக்குண்ணே! அதுக்கு முந்தின படத்தோட முதுகுல ஒட்டிக்கிடந்திருக்கு. வக்கீலுகிட்டக் காட்டிட்டேன். யாருகிட்டயும் பேசாதேன்னாரு." சொல்லிட்டு பாய் அழுதாரு. எனக்கு அழுகை வரல.

அப்போ நான் வக்கீல் வீட்டுக்குப் போனேன். மொதத் தடவை, ஐயா பூசையில இருக்காருன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் நின்னேன். பூசை முடியவே இல்ல. ரெண்டாந்தடவை, ஒரு மூட்டை அரிசியை வாசல்ல எறக்கி, "இதோட விட்டுருடா"ன்னான். மூட்டையைத் தாண்டி வந்துட்டேன். மூணாந்தடவை போனப்போ பக்கவாதம் வந்து படுத்திருந்தான். ஒரு கையும் காலும் விழுந்துபோச்சு, வாய் மட்டும் நல்லா இருந்துச்சு. வேலைக்காரம்மாவை ரசத்துல உப்பில்லைன்னு வைஞ்சுட்டிருந்தான்.

நான் பக்கத்துல உக்காந்தேன். "ஐயா, எனக்குக் காசு வேண்டாம், அரிசி வேண்டாம். பஸ் ஸ்டாண்டு மதிலோரத்துல, நாலு பேரு முன்னாடி, நாச்சிமுத்து எடுக்கலைன்னு ஒரே ஒருதடவை சொல்லுங்க. நடக்க முடியலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன்"ன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். அப்புறம் முக்கி முனகி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்.

"செத்துட்டானா அப்புச்சி?"

இல்ல. வாசல்ல வேப்பமரம் நிக்குதே, அந்த வீட்டுல இன்னும் கிடக்கறான். சொல்லாம அவன் சாகக் கூடாது, கேக்காம நானும் சாகக் கூடாது. நாளைக்குக் காத்தால மறுபடி போவேன்.

கதைக்குக் கதவு சாத்தியாச்சு, கண்ணுக்கும் கதவு சாத்து. அவன் எனக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி. தூங்கு சாமி.