நாலு மணிக்குள் ஒரு பெயர்

மூன்று நாற்பது ஆகிவிட்டது. திரையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதில் ஒரு பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. தணிகைவேலுக்குக் கை ஓடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். சோழிங்கநல்லூரில் பன்னிரண்டு மாடி சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே புராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை, பெஞ்சில் இருக்கிறார்கள் என்பார்கள். அறுபது நாள் இருக்கலாம். அதற்குள் ஏதாவது ஒரு டீம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எச்ஆர் கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லும். கம்பெனி யாரையும் நீக்குவதில்லை, பாருங்கள். எல்லோரும் தாங்களாகவே போகிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கு அறுபதாவது நாள். தணிகைவேலின் டீமில் ஓர் இடம் காலியாக இருந்தது. மூவரையும் இன்டர்வியூ செய்து ஒருவரை எடுத்துக்கொள் என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்கள்.

இன்டர்வியூவுக்கு அவனிடம் ஒரே கேள்விதான் உண்டு. நாலு வருஷமாக அதையேதான் கேட்கிறான். ரயில் டிக்கெட்டை ஒருவர் ரத்து செய்தால் காத்திருப்போர் பட்டியலில் இருந்து யார் மேலே வருவார், அதற்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும். புதிதாக யோசிக்கச் சோம்பல். வேறு காரணம் கிடையாது.

முதலில் சுகிர்தா உள்ளே போனாள். அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். முக்கால்வாசியைத் தானாகவே எழுதிவிட்டாள். ஒரே நொடியில் இரண்டு பேர் ரத்து செய்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டாள். நேரம் முடிந்துவிட்டது.

அடுத்து ஆரோக்கியம். பத்தே நிமிஷம். சுகிர்தா மாட்டிக்கொண்ட இடம் உட்பட எல்லாம் சரி. தணிகைவேல் மனசுக்குள் அவனுக்கே இடத்தைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது ஆளைச் சும்மா பேருக்குக் கூப்பிட்டான்.

அந்த மூன்றாவது ஆள் பீர் முகமது. கேள்வியைப் பாதி சொல்வதற்குள் கையைத் தூக்கினான்.

“இது எனக்குத் தெரியும் சார். சுகிர்தா வெளிய வந்ததும் எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிட்டாங்க. வேற கேளுங்க.”

வேறு கேள்விக்கு எங்கே போவது? வாயில் வந்ததைக் கேட்டான். அதற்கு முழு விடை தணிகைவேலுக்கே தெரியாது. பீர் முகமது பாதி தூரம் வந்து நின்றுவிட்டான்.

சுகிர்தாவைத் திரும்பக் கூப்பிட்டு, ஏன் சொன்னீர்கள், உங்கள் இடம்தானே போகும் என்று கேட்டான். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள்.

“பெஞ்சுல அப்படித்தான் சார். முதல்ல போறவங்க வந்து சொல்லணும். போன மாசம் வேற ஒரு டீமுக்கு ஆரோக்கியம் எனக்குச் சொன்னாரு. அதுல ரெண்டு பேருக்குமே கிடைக்கல, அது வேற கதை.”

கேள்வி முன்னாடியே தெரியும் என்பதை ஏன் மறைத்தாய் என்று ஆரோக்கியத்திடம் கேட்டான்.

“நீங்க கேக்கலையே சார். அவங்க கேள்வியத்தான் சொன்னாங்க. ரெண்டு பேர் கேன்சல் பண்ற இடம் அவங்களுக்கே தெரியாது. அத சோபாவுல உக்காந்து நானாத்தான் யோசிச்சேன்.”

அதுவும் பொய்யில்லை.

தணிகைவேல் மேனேஜர் வசுந்தராவுக்கு மெயில் போட்டான். கேள்வி வெளியே போய்விட்டது, தப்பு என்னுடையது, திங்கட்கிழமை மூவருக்கும் புதுக் கேள்வி வைக்கிறேன் என்று எழுதினான். அடுத்த நிமிஷம் போன் வந்தது.

“தணிகை, திங்கக்கிழமை அவங்க கழுத்துல ஐடி கார்டே இருக்காது. நாலு மணி தாண்டினா அந்த சீட் நம்ம ஹைதராபாத் ஆபீசுக்குப் போயிடும். ஒரு பேரப் போடு. யார் பேர்னாலும் போடு.”

சுகிர்தா என்று அடித்தான். இன்னொருத்தன் முடித்ததை முடிக்காதவளை எடுப்பதா? அழித்தான். ஆரோக்கியம் என்று அடித்தான். உண்மையைச் சொன்ன பீர் முட்டாளா? அழித்தான். பீர் முகமது என்று அடித்தான். பாதி விடைக்கு வேலையா என்று நாளைக்கு யாராவது கேட்டால்? அதையும் அழித்தான். எல்லோருக்கும் நியாயம் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்குக் கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது. அதன் பிறகு அதில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

ஐந்தரைக்கு மூன்று பேரும் கீழே வந்தார்கள். கார்டை எச்ஆர் வாங்கிவிட்டதால் வாசல் கேட் திறக்கவில்லை. செக்யூரிட்டி தன் கார்டைத் தேய்த்து ஒவ்வொருவராக வெளியே விட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதியிருந்தால் சரி?

விடை: மூன்றில் எதுவானாலும் சரி. தெரியாத கேள்வியில் அவ்வளவு தூரம் வந்த சுகிர்தா என்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் பீர் என்பார். அடித்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆரோக்கியம் பெயரை எழுதியிருந்தால்கூடத் திங்கட்கிழமை காலையில் ஒரு ஆள் வேலைக்குக் கிளம்பியிருப்பார். சோம்பல் தணிகைவேலுடையது, வேலை போனது மற்றவர்களுக்கு. யாருக்கு அதிகத் தகுதி என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. நாலு மணிக்குள் ஒரு பெயர் எழுது என்றார்கள். அவன் எழுதவில்லை.