கரிக்காட்டுக்குப் போன பாதச்சுவடு

மூன்று வருடமாக மழை பார்க்காத ஒரு காட்டில், பிள்ளைகளே, ஒரு மிளா இருந்தது. மானினத்தில் பெரியது மிளா. இது பெண் மிளா. அதற்கு ஒரு கன்று இருந்தது, இப்போது இல்லை.

சித்திரை வெயிலில் ஏரி வற்றியது. ஏரி வற்றியதும் தாயின் மடியும் வற்றியது. கன்று மூன்று நாள் தாயின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலாம் நாள் காய்ந்த ஏரிக்கரையில் விழுந்து இறந்தது. அன்று மாலையே கழுதைப்புலி வந்து அந்தச் சின்ன உடலை இழுத்துக்கொண்டு போயிற்று. மிளா தூரத்தில் நின்று பார்த்தது. அதற்கு அழக்கூட வரவில்லை.

அதன் பிறகு மிளா யாரோடும் பேசுவதில்லை. அதன் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "ஆண்டவரே, அன்றைக்கு நீர் எங்கே இருந்தீர்?"

ஒருநாள் காலையில் குரங்கு கத்திக்கொண்டே மரத்துக்கு மரம் தாவியது.

"ஏரிக்குள் வந்து பாருங்கள்! ஒரு பாதம்! வெறுங்கால் பாதம்!"

எல்லா விலங்குகளும் ஓடின. ஏரியின் நடுவில் மிச்சமிருந்த கொஞ்சம் சேற்றில் ஒரு பாதச்சுவடு பதிந்திருந்தது. மனிதப் பாதம் போலத்தான் இருந்தது. ஆனால் மனித வாசனை பட்டாலே உடம்பு நடுங்கும் முயல், அதன் பக்கத்தில் நடுங்காமல் நின்றது.

"எனக்குப் பயமாகவே இல்லையே!" என்றது முயல், ஆச்சரியத்தோடு.

"ஆண்டவர் வந்து போயிருக்கிறார்," என்றது நரி.

அதுவரை யாரும் சொல்லத் துணியாத சொல் அது. எல்லோரும் தலை தாழ்த்தினார்கள்.

நரி கெட்டிக்காரன். அன்று சாயங்காலத்துக்குள் பாதச்சுவட்டைச் சுற்றிக் கல் அடுக்கி, கல்லைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் தானே உட்கார்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து அங்கே பாட்டும் ஜெபமும் நடந்தன. குயில் பாடியது. மயில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்வரிசையில் முழங்காலிட்டது. காட்டுப்பன்றி கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்து, அப்படியே தூங்கிப்போனது.

ஒருநாள் மிளாவும் வந்தது. வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தது.

"பார்த்துவிட்டாய் அல்லவா? நகர்ந்து கொள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்," என்றது நரி.

"நரியாரே, இது வலது பாதம். இடது பாதம் எங்கே?"

"எதற்கு?"

"ஒற்றைக் காலில் யாரும் நடப்பதில்லையே. அவர் இங்கேயிருந்து எங்கேயோ போயிருக்கிறார்."

நரி கனைத்துக்கொண்டது. "வேலி போடும்போது ஒன்றிரண்டு சுவடு மிதிபட்டிருக்கலாம். அதனால் என்ன? ஆண்டவருடைய பாதம் இங்கே இருக்கிறது. அது போதாதா?"

"விரல்கள் மேற்கே பார்க்கின்றன."

பாட்டு நின்றுவிட்டது. மேற்கே இருப்பது கரிக்காடு. காட்டுத்தீயில் எரிந்து, ஒரு புல்கூட மறுபடி முளைக்காத இடம். அங்கே கழுதைப்புலி ஒன்றைத் தவிர வேறு உயிர் இல்லை.

"ஆண்டவர் அந்தப் பக்கம் போகமாட்டார். அங்கேயிருந்து வந்திருப்பார்," என்றது நரி அவசரமாக.

"விரல்கள் போகிற பக்கம்தானே இருக்கும்?"

முயல் மெல்ல மிளாவின் பக்கத்தில் வந்தது. "அங்கே போகாதே அக்கா. உன் கன்றை இழுத்துக்கொண்டு போனதே, அது அங்கேதான் இருக்கிறது."

"தெரியும்," என்றது மிளா. "ஆனால் நான் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்."

மேற்கே நடந்தது.

வேலிக்கு இருபது அடி தள்ளி இடது பாதம் கிடைத்தது. அப்புறம் வலது. சாம்பல் மண்ணில் சுவடுகள் தெளிவாகவே போயின. கரிந்த மரங்களுக்கு நடுவில் நிழலே இல்லை. சூடு குளம்பு வழியாக மேலே ஏறியது. வழியெல்லாம் மிளா தன் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது. எப்படிக் கேட்டாலும் அது சண்டை போடுவது போலவே இருந்தது.

நடுப்பகலில் ஒரு பெரிய பாறை வந்தது. பாறையில் சுவடு இல்லை. மிளா பாறையைச் சுற்றி வந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"ஆண்டவரே!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. "இங்கே வரைக்கும் கூட்டி வந்துவிட்டு இப்போது ஒளிந்துகொள்கிறீரே!"

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. திரும்பினால் அந்த வேலி. அந்தப் பாட்டு. கேள்வி அப்படியே நெஞ்சில் கிடக்கும். மிளா மறுபடியும் பாறையைச் சுற்றியது. மூன்றாவது சுற்றில், கருகிய முள்புதர் அடர்ந்த பக்கம், இதற்குள் யார் நுழைவார்கள் என்று முதலில் பார்க்காமலே விட்ட பக்கத்தில், சுவடு கிடந்தது. முட்கள் உடலைக் கிழிக்க மிளா உள்ளே புகுந்தது.

புதருக்கு அப்பால் பாறை இடுக்கில் ஒரு சின்னச் சுனை இருந்தது. சுனையிலிருந்து ஒரு குகை வரைக்கும் சுவடுகள் போயின, வந்தன, மறுபடி போயின. தினமும் ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதை போல மண் தேய்ந்திருந்தது.

குகை வாசலில் கழுதைப்புலி கிடந்தது. மேலேயிருந்து உருண்ட பாறை அதன் பின்னங்காலை நசுக்கியிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. அதன் முகத்துக்கு நேராக மண்ணில் அருகருகே இரண்டு வட்டமான பள்ளங்கள்.

அவை என்ன என்று மிளாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முழங்கால்கள். அவர் இங்கே மண்டியிட்டிருக்கிறார். இதன் முன்னால்.

காலடிச் சத்தம் கேட்டுக் கழுதைப்புலி தலையைத் தூக்க முயன்றது. "வந்துவிட்டீரா, ஆண்டவரே?"

"நான் ஆண்டவர் இல்லை," என்றது மிளா. "உன்னைத் தேடியா அவர் வந்தார்? உன்னையா?"

"எனக்கும் அது புரியவில்லை. கண் தெரியாததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவார். உள்ளங்கையில் துளை இருந்தது போலிருக்கிறது. பாதி வழியில் ஒழுகிவிடும். அதனால் திரும்பத் திரும்பப் போய் அள்ளி வருவார்."

மிளா மண் தேய்ந்த அந்தப் பாதையைத் திரும்பிப் பார்த்தது.

"மறுபடியும் வருவேன் என்று சொல்லித்தான் போனார்," என்றது கழுதைப்புலி. பிறகு மூக்கை உயர்த்தி முகர்ந்து பார்த்தது. அதன் முகம் மாறியது. "இந்த வாசனை எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் கிடந்த கன்று..."

"என் கன்று."

"நான் கொல்லவில்லை, தாயே. ஆனால் தின்றேன். பசி."

மிளா திரும்பிச் சுனைக்கு நடந்தது. போய்விடத்தான் நடந்தது. போகுமுன் ஒரு வாய் குடித்தது. தண்ணீர் நாக்கில் பட்டதும் வெடித்துக் காய்ந்திருந்த ஒரு சின்ன நாக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொண்டு வரமாட்டார்களா என்று தான் நாலு பக்கமும் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அள்ளிக்கொண்டு போக மிளாவுக்குக் கைகள் இல்லை. சுனையில் இறங்கிப் படுத்தது. அடர்ந்த ரோமமெல்லாம் நீரில் ஊறும் வரைக்கும் கிடந்தது. எழுந்து, சொட்டச் சொட்டக் குகை வாசலுக்கு வந்தது. ஈரக் கழுத்து கழுதைப்புலியின் வாய்க்கு எட்ட வேண்டுமே! முன்னங்கால்களை மடக்கியது. மடக்கிய கால்கள் அந்த இரண்டு பள்ளங்களிலும் சரியாக இறங்கின.

"நக்கிக் குடி," என்றது.

கழுதைப்புலியின் மூச்சு கழுத்தில் பட்டதும் மிளாவின் உடம்பு முழுக்க உதறியது. ஆனாலும் அது எழவில்லை. சொரசொரப்பான நாக்கு கழுத்து ரோமத்தை நக்கியது. மறுபடியும் நக்கியது. அப்போதுதான் மிளாவுக்கு அழுகை வந்தது. அத்தனை நாளும் வராத அழுகை. அது அழுது முடிக்கும் வரைக்கும் கழுதைப்புலி அசையாமல் காத்திருந்தது.

மிளா அன்று ஒன்பது முறை சுனைக்குப் போய் வந்தது. மறுநாளும் போய் வந்தது. வீக்கம் வடிந்து கழுதைப்புலி கண் திறந்தபோது எட்டு நாள் ஆகியிருந்தது.

"நீ அவரைத் தேடித்தானே வந்தாய்? என்னால் உனக்குத் தாமதமாகிவிட்டது. இனியாவது போ. எங்கேயாவது அவரைக் காண்பாய்," என்றது அது.

"நான் கண்டுவிட்டேன்," என்றது மிளா.

"எப்போது?"

"முதல்நாள், இங்கே மண்டியிட்டபோது. அவர் என் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தார்."

"நீ கேட்க வந்ததைக் கேட்டாயா?"

"கேட்டேன். அவரும் என்னோடு அழுதார்."

சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டு வர மிளா எழுந்து போனது.

நீதி: ஆண்டவரின் பாதச்சுவட்டைப் போற்றினால் மட்டும் போதாது, அது கூட்டிப் போகும் இடத்துக்குப் போய், பகைவனுக்கும் பணிவிடை செய்கிறவரே அவரைக் கண்டடைவார்.