அபயாம்பாளின் நுனிமுடி

கீழே வருவதில் நம்ப முடியாததெல்லாம் குத்தாலம் உத்திராபதி சொன்னது. நம்பும்படியாக இருப்பதெல்லாம் என் மனைவி விசாலம் சொன்னது. நான் போட்டோ பிடித்தவன். எனக்கு இதில் பங்கு கிடையாது.

திருத்துறைப்பூண்டியில் ரயிலடிக்குப் பக்கத்தில் அப்போது எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பூச்சடையோடு படம் எடுத்துக்கொள்ள வருகிற பெண்களால்தான் அது ஓடியது. பின்னலின் மேல் வாழைப்பட்டையை வைத்து, அதில் முல்லையும் கனகாம்பரமும் தைத்து, ஆளுயரக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்போம். முகம் நேரே விழும், சடை கண்ணாடியில் விழும். முகம் சுமாராக விழுந்தால் யாரும் கேட்க வரமாட்டார்கள். சடை ஒரு சாண் குறைந்தால் குடும்பத்தோடு வருவார்கள். பூத் தைக்கிறது விசாலம். படம் எடுக்கிறது மட்டும் நான் என்பதால், கடைக்கு முதலாளி யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஓர் ஆவணி மாதத்துப் பகலில் பாக்கியத்தம்மாள் தன் பெண் இந்திராணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தையில் கல்யாணம். மாப்பிள்ளையின் அண்ணன் பினாங்கில் இருந்தான். அவனுக்கு அனுப்பப் பெண்ணின் பூச்சடைப் படம் வேண்டுமென்று சம்பந்தி வீட்டில் கேட்டிருந்தார்கள். கேட்டதற்குக் காரணம் பாக்கியத்தம்மாள்தான். பெண்ணுக்கு முழங்கால் வரை முடி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்படிச் சொன்ன அன்று முடி இடுப்பு வரை இருந்தது. அதற்குப் பிறகு அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

விசாலம் பின்னலை அவிழ்த்து நுனியை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நுனி பூரா பிளந்து கெடக்கும்மா. பூத் தைச்சா ஊசியோட பிச்சுக்கிட்டு வரும். ரெண்டு விரக்கடை வெட்டிவிட்டுட்டு அப்பறம் பின்னுறேன்."

"வெட்டுறதா? நல்லா இருக்கே! முழங்கால்னு சொல்லி வச்சிருக்கேன் நான்."

"வெட்டலேன்னா பிளவு மேல ஏறும். ஏறி நடுவுல ஒடையும். ரெண்டு விரக்கடைக்குப் பயந்தா ரெண்டு சாண் போயிடும்."

"அம்மா, நானும் அதைத்தானே சொல்றேன்" என்று அழ ஆரம்பித்தாள் இந்திராணி. "தினம் சீப்புல கொத்துக் கொத்தா ஒடைஞ்சு வருது. வேரோட வரல, பாதியில ஒடையுது. இப்படியே போனா தை மாசம் தோளுக்கு வந்துடும். கல்யாணத்தன்னிக்குச் சடை பின்னப்போறது அவரோட அக்கா. சவுரி வச்சுக்கூட ஏமாத்த முடியாது."

"நீ பேசாம இரு. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல?"

பெஞ்சில் ஒருவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவர்தான் உத்திராபதி. ஏதோ ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்கு ஊர் ஊராகச் சுற்றும் ஏஜெண்ட். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர். பவுடர் முகத்தில் நிறையவும் தலையில் கொஞ்சமும் இருந்தது. தலையில்தான் அதற்கு இடம் அதிகம்.

"அக்கா, மன்னிச்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். "கத்தரிக்கோல்ங்கிற பேச்சு காதுல விழுந்துச்சு. எனக்கு நெஞ்சு படபடங்குது. என் சம்சாரம் அபயாம்பாள், இந்த ஊர்ப் பொண்ணுதான், தாலி கட்டின நாள்லேர்ந்து அவ தலையில கத்தரிக்கோல் பட்டதில்ல. ஒரு நுனி, ஒரே ஒரு நுனி, பிளந்ததில்ல."

பாக்கியத்தம்மாள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "எப்படி தம்பி?"

"சீப்பை மேலேர்ந்து இழுக்கப்படாது. நுனியில சிக்கெடுத்து, கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும்."

"அது சரிதான்" என்றாள் விசாலம்.

அன்று பகல் முழுவதும் அவர் சொன்னதில் அவள் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றுதான். அவரும் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நுனியில ஆரம்பிச்சு மேல போறதுன்னா அபயாம்பாளுக்குச் சாமானியமில்ல. ஆடி ஒண்ணாந் தேதி சீப்பை வச்சா ஆவணி அவிட்டத்துக்கு வகிடு எடுக்கலாம். நடுவுல ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள் லீவு."

"சீப்புக்கா, அண்ணிக்கா?" என்றாள் விசாலம்.

"எனக்கும்மா. சீவுறது நான்தானே."

அடுத்து எண்ணெய் முழுக்குப் பேச்சுக்கு வந்தார். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அபயாம்பாளுக்கு அதிலேதான் சிக்கல் வந்ததாம்.

"செவ்வாய்க்கெழம காலையில உச்சியில எண்ணெய் வச்சேன். அது இறங்கி இடுப்புக்கு வர்றதுக்குள்ள புதன் பொறந்துடுச்சு. புதன் யாரு முழுகுற நாளு? ஆம்பளைங்க. அந்த எடத்துல முடி அப்படியே முறுக்கிக்கிச்சு, மீசையாட்டம். எண்ணெய் அதுக்குக் கீழ ஒரு சொட்டு எறங்கமாட்டேங்குது. நான் என்ன பண்ணினேன்? என் மச்சானை எண்ணெய்க் கிண்ணத்தோட சைக்கிள்ல ஏத்தி நுனிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கெழம விடியறப்ப போய்ச் சேர்ந்தான். தப்பிச்சுது."

"மச்சான் திரும்பி வந்துட்டாரா?" இந்திராணி கேட்டாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வந்தான். பொங்கலுக்கு."

பாக்கியத்தம்மாள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மருத்துவர் சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குப் பிடித்ததைச் சொல்கிறவரிடம் மனிதர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள்.

"தலை துவட்டுறதா? துண்டால தேய்ச்சா போச்சு, நுனி பிஞ்சுடும். காத்துல உலர்த்தணும். எங்க தெருவுல ஏழு வீட்டு மொட்டமாடி, எல்லாரையும் கேட்டு, ஏழுக்கும் குறுக்க போட்டு உலர்த்துறேன். ஒருநாள் சாம்பிராணி காட்டினேன். ஏழாவது வீட்டுக்குப் பொகை போறதுக்குள்ள மாயவரத்துலேர்ந்து தீயணைப்பு வண்டி வந்துடுச்சு. வந்தவங்க ஹோஸைத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க ஓடுறாங்க, தண்ணி வரல. பார்த்தா அவங்க தூக்கினது சடையை."

"இவ்வளவு பண்ணியும் நுனி பிளக்காம இருக்குமா அண்ணே? முடின்னா தேயத்தானே செய்யும்?" என்று விசாலம் விடாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே சீப்பால் நுனியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒடிந்த முடி சேர்ந்துகொண்டே வந்தது.

"நல்ல கேள்வி. நுனி ஏன் பிளக்குது? ஓரம் அடிக்காததால. வேட்டிக்கு ஓரம் அடிக்கலேன்னா நூல் பிரியுதா இல்லியா? கும்மோணத்துலேர்ந்து ஒரு டெய்லரைக் கூட்டியாந்து, ஒவ்வொரு முடிக்கும் நுனியில மடிச்சு ஓரம் அடிச்சேன். கைத்தையல். மெஷினு முடிக்கு ஆகாது. ஆறு வருஷம் ஆச்சு. மனுசனுக்குக் கண்ணு போயிடுச்சு. அதுக்கப்பறம் அவர் தைச்ச சட்டைக்கெல்லாம் மூணு கை. ஆனா என் வீட்டுல ஒரு நுனி பிளக்கல."

"ஆறு வருஷம்" என்று பாக்கியத்தம்மாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தைக்கு ஐந்து மாதம்தானே இருக்கிறது என்ற கவலையாக இருக்கலாம்.

அதற்குள் அவர் ரயில் ஏறிவிட்டார்.

"மாமியார் வீட்டுக்கு வர்றோம். அபயாம்பாள் மாயவரம் ஜங்ஷன்ல எறங்கி வண்டி மாறிட்டா. நுனி அங்க குத்தாலம் பிளாட்பாரத்துல நிக்குது, இன்னும் ஏறல. இந்த வண்டி கெளம்பி நீடாமங்கலமோ எதுவோ தாண்டிடுச்சு. லெவல் கிராஸிங்ல கேட்டைத் தொறக்கமாட்டேங்கிறான். மாட்டு வண்டி, பஸ்ஸு, எல்லாம் ரெண்டு பக்கமும் நிக்குது. 'ரயில்தான் போயிடுச்சேய்யா'ங்கிறாங்க. 'ரயில் போயிடுச்சு, சடை போய்க்கிட்டிருக்கு'ங்கிறான் கேட்கீப்பர். அப்பறம் கார்டு ஒரு வேலை பண்ணினாரு. கடைசிப் பெட்டிக்குப் பின்னால செவப்பு விளக்கு இருக்கும்ல? அதைக் கழட்டிக் குஞ்சலத்துல மாட்டிவிட்டுட்டாரு. அந்த விளக்கு போனப்பறம்தான் கேட்டு."

"மாமா, மாயவரத்துலேர்ந்து நம்ம ஊருக்கு வர்ற வண்டி நீடாமங்கலம் போகாது" என்றாள் இந்திராணி.

"வண்டி போகாதும்மா. சடை போகும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன், வெளிய சொல்லக்கூடாது. போன வருஷம் அவளுக்கு வகிட்டுல ஒரு நரை வந்துச்சு. அந்தச் சேதி நுனிக்குப் போக இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். நுனி மொளைச்ச காலத்துல அவளுக்கு என்ன வயசு? ஏழு. எங்களுக்குக் கல்யாணம் ஆன விஷயமே நுனிக்குத் தெரியாது. நான் தொட்டா வெக்கப்பட்டுச் சுருண்டுக்குது."

அந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் மனசு இளகியது. விசாலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காமிராவைத் துடைத்தேன்.

பாக்கியத்தம்மாள் முடிவுக்கு வந்துவிட்டாள். "அப்ப வெட்டவே வேண்டாங்கிறீங்க தம்பி."

"வெட்டுறதா! வெட்டின அன்னிக்கே முடிக்கு மனசு விட்டுப்போயிடும்க்கா. தைலத்தைத் தடவுங்க. தைக்கு முழங்கால் என்ன, கணுக்காலுக்கு வரும்."

"கேட்டுக்கிட்டியா விசாலம்? அப்படியே பின்னிப் பூத் தை."

விசாலம் பின்னினாள். வாழைப்பட்டையை வைத்தாள். ஊசியைக் கோத்து நுனிப் பக்கம் ஒரு தையல் போட்டு இழுத்தாள். பூவோடு ஒரு கற்றை முடி கையோடு வந்தது. அதை அவள் பாக்கியத்தம்மாளின் மடியில் வைத்தாள். இந்திராணி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கியத்தம்மாள் கொஞ்சம் ஆடிப்போனாள். ஆனாலும் நம்பிக்கை ஒரே கற்றையோடு போகிற சமாசாரமா? "தம்பி, உங்க சம்சாரம் முடி நிஜமாவே..." என்று இழுத்தாள்.

அவர் இதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். "வாயால சொன்னா நம்பமாட்டாங்கன்னுதான் வச்சுக்கிட்டுத் திரியறேன். பாருங்க."

படத்தில் ஒரு பெண் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கண்ணாடியில் பூத் தைத்த சடை நாற்காலியைத் தாண்டி, தரையைத் தொட்டு, அங்கே கொஞ்சம் வளைந்து கிடந்தது. "அப்பாடி!" என்றாள் பாக்கியத்தம்மாள். இந்திராணியின் முகம் வாடிவிட்டது.

படம் என் கைக்கு வந்தது. பின்னால் தொங்கிய திரையில் ஓர் அன்னம் இருந்தது. அன்னத்துக்கு மூக்கு சரியாக வராததால் யாரோ அதன்மேல் ஒரு தாமரையை வரைந்து மறைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். எங்கள் கடையில் வாயைத் திறப்பது என் வேலையில்லை என்பதால் படத்தை விசாலத்திடம் கொடுத்தேன்.

அவள் பார்த்தாள். "இது எங்க எடுத்தது அண்ணே?"

"வளைகாப்புக்கு இவ அம்மா வீட்டுக்கு வந்திருந்தப்ப எடுத்து எனக்குத் தபால்ல அனுப்பினாங்க. நான் அப்ப திருநெல்வேலி லைன்ல இருந்தேன்."

"அப்ப எடுத்த எடத்துக்கு நீங்க வந்ததில்ல."

"இல்ல."

விசாலம் எழுந்து போய், திரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சவுரியை எடுத்துவந்தாள். முடி குறைவாக வருகிறவர்களுக்காக நாங்கள் வைத்திருப்பது. பாவாடை நாடா மாதிரி அது யாருக்கும் பொருந்தும். அதன் நுனியில் மூன்று குஞ்சங்கள். நடுவில் இருப்பதைப் போன கோடையில் எலி கடித்துவிட்டதென்று சொல்ல ஆசைதான். ஆனால் கடித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. விசாலம் அதைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்திலும் மூன்று குஞ்சங்கள். நடுவில் இருப்பது கட்டை.

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். சவுரியைப் பார்த்தார்கள். திரையில் மூக்கில்லாத அன்னத்தைப் பார்த்தார்கள். கடைசியாக உத்திராபதியைப் பார்த்தார்கள்.

அவர் முகத்தில் பவுடர் இருந்ததால் நிறம் மாறியதா என்று சொல்ல முடியவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தார். பிறகு சவுரியைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, கண் கலங்கினார்.

"அடடா! இங்கதான் இருக்கா இது? அஞ்சு வருஷமா எங்கெல்லாம் தேடுறேன்! அக்கா, இது அபயாம்பாளோட நுனிமுடி. படம் எடுத்த மறுநாள் அவ அம்மா இதை வெட்டி எங்கயோ கொடுத்துட்டதா சொன்னாங்க. இது வெறும் நுனிதான், மிச்சம் ஊர்ல இருக்கு."

அப்படியொரு தாவலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மனுஷன் தப்பித்தே விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப வெட்டினாங்களா மாமா?" என்றாள் இந்திராணி.

"பின்ன? வெட்டலேன்னா நுனி பிளந்து மேல..."

அங்கே நின்றுவிட்டார்.

பாக்கியத்தம்மாள் மடியிலிருந்த கற்றையை எடுத்து, விரலில் சுற்றி, வெளிச்சத்தில் முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள். "ரெண்டு விரக்கடைதானே விசாலம்?" என்றாள்.

"ரெண்டே விரக்கடை. உங்க விரலாலேயே அளந்துக்குங்க."

பாக்கியத்தம்மாள் பெண்ணின் பின்னல் நுனியில் தன் இரண்டு விரலை வைத்தாள். முடிந்தவரை நெருக்கித்தான் வைத்தாள். விசாலம் வெட்டினாள். இந்திராணி கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பாரம் இறங்கிய மாதிரி மூச்சு விட்டாள். அப்புறம் பின்னிப் பூத் தைத்தபோது ஊசி கடைசி வரை தடங்கலில்லாமல் போனது. சடை நுனி வரை ஒரே பருமனாக, இடுப்புக்கு நாலு விரல் மேலே நின்றது.

"தம்பி, கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சு வையுங்களேன்" என்றாள் பாக்கியத்தம்மாள் என்னிடம். "நீளமா தெரியட்டும்." சாய்த்து வைத்தேன். ஸ்டுடியோ என்றால் பிறகு எதற்கு?

படம் எடுத்து முடித்தபோது, உத்திராபதி குனிந்து தரையில் விழுந்திருந்த வெட்டு முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் மடித்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு அண்ணே?" என்றாள் விசாலம்.

"அபயாம்பாளுக்குக் கண்ணிமையில ரெண்டு முடி கொட்டிடுச்சும்மா. இது அந்த அளவுக்குச் சரியா இருக்கும். ஒட்டுப் போட்டுக்கலாம்னு."

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் விசாலம், கத்தரிக்கோலைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டே. "அத்தனையும் நுனி பிளந்தது. ஒவ்வொண்ணும் உங்களுக்கு ரெண்டாத் தெரியும்."