மேலத்தெருவில் இறங்காத சைக்கிள்

ஒரு வருஷம் என்று சொல்லிப் போன தில்லைநாயகம் பதினொரு மாதத்தில் மடத்துக்குத் திரும்பி வந்தார். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு நீலாவதி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

போகும்போது அவர் சொன்னது இதுதான்: "அம்மா, சேரியில் இருப்பவர்கள் படுவதை நான் படித்துத்தான் அறிந்திருக்கிறேன். என்னைத் தெரியாத ஊருக்குப் போய், அவர்களில் ஒருவனாக, வேறு பெயரில் இருந்து பார்க்கிறேன்."

"அவர்கள் கூப்பிட்டார்களா?" என்று அம்மை கேட்டார்.

அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. போய்விட்டார்.

இப்போது அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தில்லைநாயகம் எதிரே உட்கார்ந்தார்.

"பட்டீர்களா?"

"பட்டேன் அம்மா. டீக்கடையில் சிரட்டையில் குடித்தேன். என் வயதில் பாதி இருப்பவன் 'டேய் சுடலை' என்று கூப்பிட்டான். மேலத்தெரு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். காத்தமுத்து என்ற கூலிக்காரனும் அவன் மனைவி இருளாயியும் தங்க இடம் கொடுத்தார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது."

"பிறகு ஏன் வருஷம் முடியும் முன்பே வந்தீர்கள்?"



"இருளாயிக்குக் காய்ச்சல். மாத்திரை வாங்கிக்கொண்டு காத்தமுத்துவும் நானும் ஒரே சைக்கிளில் வந்தோம். நான்தான் மிதித்தேன். கொட்டுகிற மழை. மேலத்தெருவுக்குள் நுழையும்போது, 'அண்ணே, எறங்குங்க' என்றான். இந்த மழையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். 'மழைக்குத்தாண்ணே எல்லாரும் வீட்டுல இருக்கானுக, எறங்குங்க' என்றான்."

"இறங்கினீர்களா?"

"இல்லை."

கீரைத்தண்டு ஒன்று ஒடிந்தது.

"ஆறு பேர் கம்போடு வந்தார்கள். என் தோளில் ஒரே ஒரு அடி விழுந்தது. உடனே அப்பா பெயரை, ஊரை, சாதியைச் சொல்லிவிட்டேன். நினைத்துச் சொல்லவில்லை அம்மா. வாய் சொல்லிவிட்டது."

"விட்டுவிட்டார்களா?"

"என்னை விட்டுவிட்டார்கள். 'நம்ம ஆளை வீட்டுல வச்சு நீ சோறு போட்டியாடா?' என்று அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் சேற்றில் கிடந்து என்னைப் பார்த்தான். 'சாமி, சொல்லுங்க சாமி' என்றான். பதினொரு மாதம் அண்ணே என்று கூப்பிட்டவன்."

"சொன்னீர்களா?"

"என்னை ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டார்கள். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்கள். வெள்ளி டம்ளரில் பால் கொடுத்தார்கள்."

"குடித்தீர்களா?"

"உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது." தலையைக் குனிந்துகொண்டார். "குடித்தேன். வெளியே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான்."

மேல்துண்டை விலக்கித் தோளைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. கன்றியிருந்தது அதற்குள் ஆறியிருந்தது.

அம்மை பார்த்தார். ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கினார். மறுபடி ஆயவில்லை.

"அம்மா, நான் தவறிவிட்டேன். எனக்கு இன்னொரு முறை வேண்டும். அதே சேரிக்குப் போகிறேன். இந்தத் தடவை கொன்றாலும் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் முழுதாக இருந்துவிட்டு வருகிறேன்."

அம்மை கேட்டார்:

"யார் வீட்டில்?"