இடப்பக்கத்துக் குரல்

மடத்தை நடத்திவந்த அம்மாவின் சீடர்களில் பொன்னுரங்கம்தான் மூத்தவர். அம்மாவைவிடவே இருபத்தொரு வயது மூத்தவர். மடத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வந்த அன்று, வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். எந்தக் காட்டில் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மடம் நெடுங்கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. மலைமேல் மேற்கொல்லை என்று நாற்பது வீட்டு ஊர். மலையின் மறுபக்கம் தார்ச்சாலை போட்டிருந்தார்கள். அதில் சுற்றி வந்தால் ஐம்பது கிலோமீட்டர். முன்பு இந்தப் பக்கமாக மூன்று மணி நேரத்தில் இறங்க ஒரு நடைபாதை இருந்தது. முப்பத்து மூன்று வருடமாக அதில் யாரும் நடக்கவில்லை. உண்ணிச்செடி மூடிவிட்டது.

சித்திரை மாதம் மேற்கொல்லையிலிருந்து சடையன் என்பவர் மடத்துக்கு வந்தார். மழைக்காலத்தில் சாலை சரிந்து பஸ் நின்றுவிடுகிறது என்றார். போன ஐப்பசியில் பாம்பு கடித்த ஒருவரைக் கீழே கொண்டுவர முடியவில்லை. இந்த மழைக்குள் பழைய பாதையைத் திறக்க வேண்டும். மேலேயிருந்து ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டு வருவார்கள். கீழேயிருந்து வெட்ட ஆள் வேண்டும்.

அம்மா சரி என்றார்.

அந்த மலையில் பாதை திறக்கும் முறையை சடையன் விளக்கினார். தினமும் உச்சிவேளையில் இரு பக்கத்தாரும் வேலையை நிறுத்திக் கூப்பிட வேண்டும். எதிர்க்குரல் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். குரலும் குரலும் பக்கத்தில் வந்தால் பாதை கூடிவிடும்.

சடையன் போனபிறகு பொன்னுரங்கம் அம்மாவிடம் வந்தார்.

“அம்மா, ஆள் நடக்காத பாதையப் பாதைன்னு சொல்லலாமா? அது காடாயிடுச்சு. காட்டை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

அம்மா சாணை பிடித்துவைத்திருந்த கொடுவாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இங்க காடு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். முன்னால போங்க.”

மடத்திலிருந்து பன்னிரண்டு பேர் போனார்கள். பொன்னுரங்கம் முன்னால் வெட்டினார். அவர் பின்னால் அம்மா. முதல் ஆறு நாள் வேலை வேகமாக நடந்தது. செடியை விலக்கினால் அடியில் பழைய கல்வரிசை இருந்தது. அறுபத்து மூன்று வயதுக்காரர் இப்படி வெட்டுகிறாரே என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் இரட்டைப்பாறைக்கு வந்தார்கள். அங்கே சரிவு இரண்டாகப் பிரிந்தது. பொன்னுரங்கம் வெகுநேரம் குனிந்து மண்ணைப் பார்த்தார். ஒரு கல்லைப் புரட்டினார். பிறகு வலப்பக்கம் என்றார்.

அன்று உச்சிவேளையில் எதிர்க்குரல் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

அது பாறையில் பட்டுத் திரும்புகிற சத்தம் என்றார் பொன்னுரங்கம். பள்ளத்தாக்கில் அப்படித்தான், ஆள் வலப்பக்கம் இருந்தால் சத்தம் இடப்பக்கம் கேட்கும். காட்டில் முப்பது வருடம் இருந்தவர் சொன்னதால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாளும் இடப்பக்கம்தான் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

தேவானை மட்டும் கேட்டாள். அவள் மடத்துக்கு வருமுன் தையல்கடை வைத்திருந்தவள், எதையும் அளந்து பார்ப்பவள்.

“பாறையில பட்டு வர்றது இந்தப் பக்கம் வருது. சரி. நேரா வர வேண்டிய சத்தம் எங்க ஐயா போச்சு? டீ குடிக்கப் போயிருக்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்காமல் வெட்டினார்.

வலப்பக்கம் கல்வரிசை எதுவும் தென்படவில்லை. மழையில் அடித்துப் போயிருக்கும் என்றார் அவர். செடி தடித்திருந்தது. எல்லோருக்கும் கை கொப்பளித்தது. தேவானை சேலைத் தலைப்பைக் கிழித்து அம்மாவின் உள்ளங்கையில் கட்டிவிட்டாள். பொன்னுரங்கம் அதைப் பார்த்தார். அன்று அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பதினோராம் நாள் காலையில் செடி முடிந்தது. எதிரே வானம் இருந்தது. காலுக்குக் கீழே செங்குத்தான பாறை இருநூறு அடி இறங்கியது.

 உச்சிவேளைக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் மேற்கொல்லைக்காரர்கள் கூப்பிட்டார்கள். குரல் மடத்து ஆட்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அம்மா மற்றவர்களை நிழலுக்குப் போகச் சொன்னார். பாறை விளிம்பில் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“முதல் ஆறு நாள் நீங்க தரையைப் பார்க்கவே இல்ல” என்றார். “செடிக்குள்ள மறைஞ்சிருந்த படியைக்கூடக் காலைத் தூக்கித் தாண்டினீங்க. இரட்டைப்பாறையிலதான் முதல்முறையாக் குனிஞ்சு தேடினீங்க.”

பொன்னுரங்கம் கொடுவாளில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

“இடப்பக்கம் என்ன இருக்குது?”

அவர் சொன்னார். இதே காட்டில்தான் அவர் ஃபாரஸ்ட் கார்டாக வேலை பார்த்தார். அப்போது வயது முப்பது. சந்தன மரத்தைத் திருடி இறக்குகிறார்கள் என்று நடைபாதைகளை எல்லாம் அடைக்க மேலிடத்து உத்தரவு வந்தது. இரட்டைப்பாறைக்கு இடப்பக்கம் போகிற பாதையில் கிளுவைக் கம்பு நட்டு, குறுக்கே இலந்தை முள்ளைக் குவித்து அடைத்தார். காவலுக்கும் அவரே நின்றார். ஒரு நாள் பிற்பகலில் மேற்கொல்லைக்காரர்கள் ஒரு பெண்ணை டோலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரசவ வலி. முள்ளை விலக்கச் சொல்லிக் கேட்டார்கள். அரை மணி நேர வேலை. உத்தரவு இல்லை, சுற்றிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். தார்ச்சாலை இல்லாத அந்தக் காலத்தில் சுற்றிப் போக வழியே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அவர்கள் அங்கேயே டோலியை இறக்கி வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் அதே இடத்தில் இறந்துபோனாள். குழந்தையும் பிழைக்கவில்லை. அவருக்கு மாற்றல் வந்தது. சில மாதத்தில் உத்தரவையும் நீக்கிவிட்டார்கள். யாரும் அந்தப் பாதைக்குத் திரும்பவில்லை.

“அது உத்தரவும்மா” என்றார் கடைசியில். “நான் என்ன பண்ண முடியும்?”

அம்மா தலையசைத்தார்.

“இந்த அஞ்சு நாள் யாரோட உத்தரவு?”

கீழே எங்கோ ஒரு பருந்து வட்டமிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முதல் நாளே தெரியுமாம்மா?”

“இரட்டைப்பாறைக்கு வந்து மூணாம் நாள் தெரியும். நீங்களே நிறுத்திடுவீங்கன்னு தினமும் நெனச்சேன். அந்தப் பக்கம் ஆளுங்க நிக்கறாங்கன்னு யோசிச்சிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன். அது என் தப்பு. அதை நான் அவங்ககிட்டச் சொல்லிக்கறேன்.”

பொன்னுரங்கம் கொடுவாளை அம்மாவின் முன்னால் வைத்தார்.

“நீங்க இடப்பக்கம் வெட்டுங்கம்மா. நான் பஸ் ஏறிப் போயிடறேன்.”

“அங்கிருந்து பாதை எப்படிப் போகுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்.”

அம்மா எழுந்து நடந்தார். கொடுவாள் அங்கேயே கிடந்தது. சற்று நேரத்தில் பொன்னுரங்கம் அதை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நிழலில் இருந்தவர்களிடம், நான் தெரிந்தேதான் தப்பான பக்கம் கூட்டிப் போனேன் என்று சொன்னார். காரணத்தையும் சொன்னார். தேவானை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.  அவள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இடப்பக்கம் இரண்டு நாள் வேலைதான் இருந்தது.

அவர் நட்ட கிளுவைக் கம்புகள் வேர்விட்டு மரமாகியிருந்தன. வரிசை மாறாமல் ஒன்பது மரம். அவற்றின் இடையில் முள்ளும் உண்ணிச்செடியும் சுவர்போல் பின்னிக்கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி சத்தமோ அரிவாள் சத்தமோ இல்லை.

பொன்னுரங்கம் செடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். மேற்கொல்லைக்காரர்கள் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இடுப்பளவு தழை குவிந்திருந்தது. அடியில் சருகு. மேலே போகப்போகப் பச்சை.

சடையன் எழுந்து அருகில் வந்தார்.

“ஏஞ் சாமி இத்தன நாளு? நாங்க இங்க வந்து சேர்ந்து ஏழு நாளாச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கிச்சு. கீழ வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு எங்காளுங்க சொன்னாங்க. மடத்துக்காரங்க அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

ஏன் நீங்களே இந்த வேலியை வெட்டவில்லை என்று அம்மா கேட்டார். தன் அக்கா இறந்த இடம் அது என்றார் சடையன். வழியில் ஒருவர் இறந்தால் அந்த இடத்தில் தழை போடுவது அவர்கள் வழக்கம். போகும்போதும் வரும்போதும் போட வேண்டும். அந்த இடத்தில் சொந்த ஊர்க்காரர்கள் அரிவாள் வைக்கக் கூடாது. வேற்றாள்தான் வந்து வெட்டித் திறக்க வேண்டும். அதனால் தினமும் வந்து தழை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

தேவானை தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னுரங்கம் கிளுவை மரங்களுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். இந்த வேலியை நட்டவன் நான். அன்று இங்கே நின்றவனும் நான். ஐந்து நாள் வேறு பக்கம் இவர்களைக் கூட்டிப் போனதும் நான்தான். இதை அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை சொன்னது அந்தப் பக்கம் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அம்மா தன் பங்கைச் சொல்லத் தொடங்கினார். சடையன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் செடியின் இடைவெளி வழியே பொன்னுரங்கத்தையே பார்த்தார்.

“எனக்கு அப்ப பன்னண்டு வயசு” என்றார். “தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு டோலி பின்னால வந்தேன். உங்க மூஞ்சி ஞாபகம் இல்ல. காக்கிச் சட்டைதான் ஞாபகம் இருக்குது.”

 

சடையன் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“வெட்டுங்க கார்டு. பொழுது போகுது.”

அதுவரை அவர் சாமி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

பொன்னுரங்கம் வெட்டினார். மற்றவர்கள் உதவிக்கு வந்தபோது அம்மா கையால் நிறுத்தினார். முள் அவர் முழங்கையைக் கிழித்தது. இரண்டு மரத்தை அடியோடு சாய்த்ததும் ஓர் ஆள் நுழைகிற வழி வந்தது. அவர் அதன் வழியே அந்தப் பக்கம் போனார்.

ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு தழைமேட்டின் முன் நின்றார். போடவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

“பேர் சொல்லிப் போடணும்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பொன்னுரங்கம் சடையனைப் பார்த்தார்.  முப்பத்து மூன்று வருடத்தில் அவர் அந்தப் பெயரை யாரிடமும் கேட்டதில்லை.

“வெள்ளச்சி” என்றார் சடையன்.

அவர் அந்தப் பெயரைச் சொல்லித் தழையைப் போட்டார். பிறகு மடத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போட்டார்கள்.

அதன்பின் மேற்கொல்லைக்காரர்கள் இரண்டு பானைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாமைக் கஞ்சி. பாதை கூடும் நாளில் எதிர்ப்பக்கத்தாருக்கு மேலூரார் கஞ்சி ஊற்ற வேண்டுமாம். எந்த நாள் கூடும் என்று தெரியாததால் தினமும் பன்னிரண்டு பேருக்குக் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சடையன் ஒவ்வொருவர் தொன்னையிலும் ஊற்றிக்கொண்டு வந்தார்.

பொன்னுரங்கம் வரிசையில் இல்லை. தள்ளிப் போய், வெட்டிச் சாய்த்த மரத்தின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தன் தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனார்.

“எனக்கு வேண்டாம்மா” என்றார் அவர். “இதைக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்ல. இன்னைக்குப் பட்டினி கிடக்கறேன். அதையாவது செய்யறேன்.”

பதினோரு பேருக்கும் ஊற்றி முடித்துவிட்டு, சடையன் கையில் அகப்பையோடும் ஒரு தொன்னையோடும் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நகரவும் இல்லை.

அம்மா சொன்னார்:

“ஏழு நாள் காக்க வெச்சுட்டீங்க. இன்னும் வைக்காதீங்க.”