முதல் தோசை ஏன் பிய்கிறது

அந்தக் காலத்தில் அடுப்படியில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. அகப்பை குறை சொல்லும். உரல் வம்பளக்கும். பூனை பால்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசும். அதிகம் பேசாதது தோசைக்கல் ஒன்றுதான். பொதிகை மலைப் பாறையில் வெட்டிச் செதுக்கிய கல் அது. அதற்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு கை வந்து மாவு ஊற்றினால், அந்த முதல் தோசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். கையும் கல்லும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இரண்டாவதிலிருந்து அந்தக் கைக்கு ஆயுசுக்கும் ஒரு தோசை ஒட்டாது. ஊரில் பெரியவர்கள் எல்லோரும் தங்கள் முதல் தோசையைச் சின்ன வயதிலேயே பிய்த்து முடித்தவர்கள்தான். ஆனால் அது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பிறந்ததிலிருந்தே வட்டம் வட்டமாக ஊற்றியதுபோல நினைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த ஊரில் பேச்சியம்மை என்று ஒருத்தி இருந்தாள். அவள் தோசையும் பேர்போனது, அவள் கோபமும் பேர்போனது. மூக்குக்கு மேலே வரும் என்பார்களே, அவளுக்கு அது மூக்கைவிட்டு இறங்குவதே இல்லை. அவளுக்கு ஒரே மகள், கோமு, எட்டு வயது. மகளைப் பற்றி பேச்சியம்மைக்கு ஒரே புலம்பல். "இந்தப் புள்ளை அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கா. நாளைக்குக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கவாவது தெரிய வேண்டாமா" என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்திலும் சொல்லுவாள், துணி துவைக்கப் போன இடத்திலும் சொல்லுவாள்.

உண்மையில் கோமு எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று, கல்லில் விழுந்த மாவில் ஒவ்வொரு ஓட்டையாகத் திறப்பதைப் பார்ப்பாள். மாவு கண் விழிக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். கிட்டே வந்தால் "சுட்டுக்கிடாத, சிந்திராத, தொடாத, தள்ளி நில்லு" என்று விரட்டு விழும். வந்தாலும் திட்டு, வராவிட்டாலும் திட்டு என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

ஒருநாள் பேச்சியம்மையின் நாத்தனார் இசக்கி விருந்துக்கு வந்திருந்தாள். குறை கண்டுபிடிப்பதற்கென்றே இரண்டு கண் படைத்தவள் அவள். காலையில் அடுப்பு மூட்டி, கல் காய்ந்து, பேச்சியம்மை பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோமு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம்மா, நான் ஒண்ணு ஊத்தட்டா?"

தானாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பேச்சியம்மைக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. இசக்கி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஊத்துட்டி" என்று கரண்டியைக் கொடுத்தாள்.

கோமு இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து மாவு ஊற்றினாள். வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியங்காய் மாதிரி ஆனது. பரவாயில்லை, கண் திறந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டுவத்தால் நெம்பினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினாள். பாதி சுருண்டு வந்தது, பாதி கல்லிலேயே இருந்துகொண்டது.

இசக்கி சிரித்தாள். "புள்ளைய நல்லாத்தான் வளத்துருக்கிய மைனி" என்றாள்.

அவ்வளவுதான். பேச்சியம்மைக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். "கை வெளங்குமாட்டி ஒனக்கு? ஒரு மாவு ஊத்தத் தெரியல. என் மானத்த வாங்கதுக்குன்னே வந்து நின்னியா? போ அங்கிட்டு" என்று கத்தினாள். கல்லைச் சுரண்டி, அந்தத் தோசையை அள்ளி, கொல்லைக் கதவு வழியாகச் சாம்பல் மேட்டில் வீசினாள். ஒரு துண்டைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. வேலியில் இருந்த காகம் இறங்கி வந்து தின்றது. "நல்லாத்தானே இருக்கு" என்று அது சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கோமு அழவில்லை. தாயின் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாசல்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது கல் பேசியது.

"பேச்சி, அந்தப் புள்ளையக் கூப்பிடு. இன்னொண்ணு ஊத்தட்டும். இப்பதான் அது கை எனக்குப் பழகியிருக்கு."

"நீ கல்லு. காயிறதோட நிறுத்திக்கோ."

"ஒன் முதல் தோசையும் பிஞ்சுதான் வந்துச்சு. நீ ஏங்கி ஏங்கி அழுதே. ஒங்கம்மை அதத் தின்னுட்டு, இன்னொண்ணு ஊத்துட்டின்னா."

இதை இசக்கிக்கு முன்னால் சொன்னதைப் பேச்சியம்மையால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்து, கொதித்துக்கொண்டிருந்த கல்லின்மேல் அப்படியே கவிழ்த்தாள். சுர்ரென்று ஆவி எழும்பி அடுப்படி முழுக்க மூடிக்கொண்டது. பூனை ஓடிவிட்டது. அகப்பையும் உரலும் வாயடைத்துப் போயின. அந்த ஆவிக்குள்ளிருந்து கல்லின் குரல் வந்தது. அதற்கு அப்படி ஒரு கோபம் வந்து யாரும் கண்டதில்லை.

"எட்டு வயசுப் புள்ளைக்கு ஒரு தோசை பொறுக்க முடியல ஒனக்கு. சரி. இனிமே நான் எந்தக் கையையும் ஞாபகம் வச்சுக்க மாட்டேன். அடுப்பு மூட்டி ஊத்துற முதல் தோசைக்கு நீங்க எல்லாரும் எனக்குப் புதுக்கைதான். நீயும்தான். ஒன்ன மாதிரி எல்லாரும்தான்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் காலை பேச்சியம்மை மாவு ஊற்றினாள். ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாகத் தோசை சுட்ட கை. சுரண்டினால் கந்தல் கந்தலாக வந்தது. "என்ன மைனி, கை மறந்துபோச்சா?" என்று இசக்கி கேட்டாள். பேச்சியம்மை மாவைத் திட்டினாள், விறகைத் திட்டினாள், எண்ணெய் ஆட்டியவனைத் திட்டினாள். இரண்டாவது தோசை ஒழுங்காக வந்தது. அதற்கடுத்த நாளும் முதல் தோசை ஒட்டிக்கொண்டது. கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கல் வாங்கினாள். எல்லாக் கல்லும் ஒரே மலைக் கல்தானே, ஒன்று சொன்னதை மற்றதெல்லாம் கேட்டிருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் முதல் தோசை எழும்பவில்லை. பெண்கள் கூட்டமாக வந்து அவள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். "ஒன் வீட்டுக் கோவத்துக்கு எங்க கல்லு என்னத்துக்கு ஒட்டணும்?" என்று கேட்டார்கள். பேச்சியம்மை அவர்களுக்கும் சரிக்குச் சரி பதில் கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் அவளைத் தின்றது அதெல்லாம் இல்லை. கோமு அடுப்படிக்குள் காலே வைக்கவில்லை. கதவுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. கூப்பிட்டால் வருவாள், போட்டதைத் தின்பாள், எழுந்து போய்விடுவாள். "ஒரு வெங்காயம் உரிச்சுக் கொடுட்டி" என்றால், "எனக்குக் கை வெளங்காது" என்பாள். பேச்சியம்மைக்கு அறைய வேண்டும்போலக் கோபம் வரும். ஆனால் கை எழும்பாது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததுதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

ஒன்பதாம் நாள். இசக்கி ஊருக்குப் போய்விட்டாள். பேச்சியம்மை தன்னந்தனியாக அடுப்பின் முன்னால் உட்கார்ந்து முதல் தோசையை ஊற்றினாள். வழக்கம்போலப் பிய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டி எடுத்து, கொல்லைக் கதவைப் பார்த்துக் கையை ஓங்கினாள். கதவருகே கோமு நின்றுகொண்டிருந்தாள்.

"எறி" என்றாள் கோமு. "என் தோசைய எறிஞ்சேல்லா. இதையும் எறி."

பேச்சியம்மை ஓங்கிய கையோடு நின்றாள். எறியவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. கோமு நகரவில்லை. அந்தச் சின்ன முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து, கோபத்திலேயே பிறந்து வளர்ந்த பேச்சியம்மைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் வந்தது. இந்தப் பிள்ளை இதை மன்னிக்காமலே வளர்ந்துவிடும் என்று பயந்தாள். மெல்லக் கையை இறக்கினாள். உட்கார்ந்தாள். கந்தலாகக் கிடந்த அந்தத் தோசையைப் பிட்டு வாயில் போட்டாள். கொஞ்சம் கருகல், அவ்வளவுதான். உப்பு சரியாக இருந்தது, புளிப்பு சரியாக இருந்தது. தோசை தோசையாகத்தான் இருந்தது. மகள் சுட்டதும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணிட்டேன் கோமு" என்றாள். "அன்னைக்கு ஒன் தோசைய நான் தின்னுருக்கணும்."

கோமு உள்ளே வந்தாள். "தள்ளு" என்றாள். கரண்டியை எடுத்து மாவு ஊற்றினாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் போனது. மாவு கண் விழித்தது. சட்டுவத்தைக் கொடுத்ததும் தோசை கல்லைவிட்டு எழும்பி வந்தது. பேச்சியம்மை பாராட்ட வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் கோமு. அடுத்ததற்கு மாவை மொண்டாள்.

இன்றைக்கும் பேச்சியம்மையின் பழைய புலம்பலைப் புலம்புகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சமையலில் ஆசையே இல்லையாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளை ஆசையாக வந்து நின்ற அன்று கரண்டியைப் பிடுங்கியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல் கேட்கிறது. கல் போய் இரும்பு வந்த பிறகும், தினமும், ஒவ்வொரு அடுப்பிலும் கேட்கிறது.

அன்று முதல்தான், எத்தனை வருஷம் சுட்டுப் பழகிய கையாக இருந்தாலும், அடுப்பு மூட்டி ஊற்றுகிற முதல் தோசை பிய்ந்தே வருகிறது.